ஐந்தாம் எண் கிணறு

அந்தக் கேன் மஞ்சள் நிறம். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன். லேபிளைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசைக்கறை மட்டும் சதுரமாகத் தங்கியிருந்தது. தல்லாகுளத்தில் எங்கள் அலுவலக மாடிப்படிக்குக் கீழே ஒரு குடிநீர்க் குழாய் உண்டு. மாலை ஐந்தரை மணிக்கு டைப்பிஸ்ட் அக்கா கம்ப்யூட்டருக்கு உறை போட்டுவிட்டு, அந்தக் கேனைக் குழாயடியில் நிரப்பி, இரண்டு பஸ் மாறி, வில்லாபுரத்தையும் தாண்டியிருந்த தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடேயப்பா, ஆபீஸ் தண்ணீரைக்கூட விட்டுவைக்க மாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் தலைகால் புரியாமல் திரிந்த காலம்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, சுற்றுச்சூழல் ஆலோசகர் என்ற பெயரில் ஒரு வேலை இருப்பதே தெரியாமல்தான் அதில் போய் விழுந்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் என் அம்மா, "செடிகொடி ஆபீஸ்ல இருக்கா" என்பாள். அதற்குமேல் விளக்க அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது. விஷயம் இதுதான். ஒரு ஆலை புதிதாக வர வேண்டும் என்றாலோ, இருக்கிற ஆலை பெரிதாக வேண்டும் என்றாலோ, அதைச் சுற்றியுள்ள நிலம், நீர், மரம், பறவை எல்லாவற்றையும் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுதுவது எங்களைப் போன்றவர்கள். எங்களைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைப்பது அந்த ஆலை. இந்த ஏற்பாட்டில் இருக்கிற கோளாறு சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற புரொபசர்தான் முதலாளி. அடுத்து நான். அப்புறம் டைப்பிஸ்ட் அக்கா. அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்காரர் வீட்டிலேயே தறி போட்டு நெய்தார். நாலு வயதில் ஒரு மகள். மதியம் கீழ்க்கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுத் தங்கள் மொழியில் ஐந்து நிமிடம் பேசுவார். எங்களோடு பேசும்போது மதுரைத் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

புது அறிக்கை எதையும் நாங்கள் புதிதாகத் தொடங்கியதில்லை. பழைய அறிக்கையைத் திறந்து, அக்கா ஊர்ப்பெயரை மாற்றுவார். அதன் மேல் நாங்கள் எங்கள் கணக்குகளைப் போடுவோம். நான் சேர்ந்த புதிதில், திருமங்கலம் பக்கத்துப் பொட்டல் ஒன்றில் அலையாத்திச் செடி வளர்வதாக ஒரு பட்டியலில் இருந்தது. கடலோர ஆலை ஒன்றின் அறிக்கையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த செடி அது. நான் கண்டுபிடித்துப் பெருமையாகக் காட்டியபோது, அதே செடி நாலு அறிக்கையில் வந்திருப்பதை ஏற்கெனவே கவனித்ததாகவும், படித்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டதாகவும் அக்கா சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அன்று முதல் எனக்கு அவர் மேல் ஒரு பயம் கலந்த மரியாதை வந்துவிட்டது.

பிறகு அந்தச் சாய ஆலை வந்தது. வில்லாபுரத்துக்குத் தெற்கே வயல்வெளியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆலைதான். இரண்டு மடங்காகப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் வெயிலில் நடந்தேன். கண்மாய்க்கரையில் கொக்கும் நாரையும் எண்ணினேன், வேலிகளில் படர்ந்ததை எல்லாம் எழுதினேன். ஆலையிலிருந்து வெளியேறும் ஓடையின் இரு கரையிலும் கோரைகூட முளைக்கவில்லை. சீமைக்கருவேலம் மட்டும் நின்றது. அதற்கு எதுவும் ஒத்துக்கொள்ளும். சுற்றுவட்டாரத்தில் எட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. எட்டையும் குறித்த வரைபடத்தை அக்காவின் மேசையில் வைத்தபோது, ஆலைக்கு மிக அருகில் இருந்த ஐந்தாம் எண்ணின் மேல் அவர் விரலை வைத்தார். அது அவர்கள் தெருவின் பொதுக்கிணறு.

அன்றைக்குத்தான் அந்தக் கேன் எதற்கென்று எனக்குத் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை, சில நாள் லேசாக நிறம்கூடத் தெரியும் என்றார். கேன் தண்ணீர் மகளுக்கு மட்டும். வீட்டுக்காரர் அதைத் தொட மாட்டார். டீயில் போட்டுவிட்டால் ருசி தெரியாது என்று சொல்லிக் கிணற்றுத் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அறிக்கையில் இருந்தால், தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தால்தான் அனுமதி என்று அதிகாரிகள் நிபந்தனை போடுவார்கள். வேறு ஊர்களுக்கு அப்படி வந்த உத்தரவுகளின் நகல்களைத் தன் கையாலேயே கோப்பில் போட்டு வைத்தவர் அக்கா. நாற்பது வீடுகளுக்குக் குழாய் வருவதும் வராததும் என் அட்டவணையில் ஒரு வரியைப் பொறுத்தது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கூட்டி எதுவும் எழுத வேணாம் மேடம்," என்றார். "உள்ளதை எழுதுங்க. அம்புட்டுத்தான்."

எட்டுக் கிணற்றிலும் எடுத்து விளாங்குடியில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தபோது ஐந்தாம் எண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மனிதர் குடிக்கக்கூடிய தண்ணீரே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அன்று ஒரே சந்தோஷம். படித்த படிப்பு ஒருவருக்காவது உதவப் போகிறது என்று மனசுக்குள் குதித்தேன். அக்கா அந்த வரியை டைப் அடித்தார். புரொபசர் படித்துப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. ஏழு கிணறு ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் விலகினால் எடுத்த விதத்தில் பிழை இருக்கலாம், மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் முறை என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கென்று வண்டி கிடையாது. எந்த ஆலைக்கு வேலை செய்கிறோமோ அந்த ஆலைதான் ஜீப் அனுப்பும். அது வழக்கம், அதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை. நான் ஆலை மேலாளருக்குப் போன் செய்து வியாழக்கிழமை காலை வண்டி வேண்டும் என்றேன். எத்தனை இடம் போக வேண்டும் என்று கேட்டார். ஒரே இடம்தான், ஐந்தாம் எண் கிணறு, மறுபரிசோதனை என்றேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை. நானாகவே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆலை ஆட்கள் மோட்டாரோடு அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். கிணற்றைத் தூர் வாரித் தருகிறோம் என்று சொல்லி முழுக்க இறைத்திருக்கிறார்கள். புதன்கிழமை தண்ணீர் லாரிகள் வந்து, ஒன்றன் பின் ஒன்றாக, நல்ல தண்ணீரைக் கிணற்றுக்குள் ஊற்றிவிட்டுப் போயிருக்கின்றன.

வியாழக்கிழமை நான் போய் இறங்கியபோது தெரு திருவிழாவாக இருந்தது. வீட்டில் இருந்த குடம், அண்டா, பக்கெட், சாயம் கலக்குகிற தொட்டிவரைக்கும் வெளியே வந்திருந்தன. ஒரு பெண் கிணற்றடியிலேயே உட்கார்ந்து தலைக்குத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். இம்புட்டு நுரையைப் பார்த்து எம்புட்டு நாளாச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான் என்று யாரோ சொன்னார்கள். அக்கா அன்று லீவு போட்டிருந்தார். அவர் வீட்டுக் குடங்களும் வரிசையில் நிரம்பித்தான் இருந்தன. வேறென்ன செய்வார், தண்ணீர் தண்ணீர்தானே. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்கு இந்தப் பக்கம் வந்து, டிரைவர் காதில் விழாதபடி பேசினார்.

"இன்னிக்கு எடுக்காதீங்க மேடம். பத்து நாள் கழிச்சு வாங்க. யார்ட்டயும் சொல்லாம பஸ்ல வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. பதிவேட்டில் அன்றைய தேதியை ஏற்கெனவே எழுதியிருந்தேன். வெறுங்கையோடு திரும்பினால் புரொபசர் என்ன சொல்வார், வேலை நிலைக்குமா, வேலை போனால் வீட்டில் உடனே கல்யாணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்களே என்றெல்லாம் ஓடியது. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். நான் புரொபசரிடம் பேசிக்கொள்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, கயிற்றை இறக்கி, பாட்டிலை நிரப்பி, மூடி, '5' என்று எழுதி ஒட்டினேன். அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

புரொபசரிடம் சொல்லத்தான் செய்தேன். லாரி ஊற்றியதை நீயே கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பார்க்காததை நாம் எழுதக் கூடாதும்மா என்று சொல்லி, கீழ்க்கடையிலிருந்து எனக்கும் சேர்த்துக் காபி வரவழைத்தார். அதை நான் குடித்தேன்.

இரண்டாவது முடிவு, எதிர்பார்த்தபடியே, குடிக்க உகந்த நீர் என்று வந்தது. அட்டவணைகளைச் சரிபார்க்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. அக்கா திரையைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார், நான் தாளைப் பார்த்து 'சரி' என்பேன். அன்றைக்கும் அப்படியே வாசித்தார். நாலாம் எண் முடிந்து ஐந்தாம் எண் வந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நான் சரி, சரி என்றேன். ஆறாம் எண்ணுக்குப் போனோம். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. கத்தியிருந்தால், திட்டியிருந்தால், அந்தத் தாளை என் முகத்தில் எறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆலைக்கு அனுமதி கிடைத்தது. குழாய் நிபந்தனை எதுவும் இல்லை. அடுத்த வருடம் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா வேலையை விட்டார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தத் தண்ணீரால்தான் கெட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'உறுதியாகக் கூற இயலாது' என்று எழுதுவதில் நான் அதற்குள் கைதேர்ந்தவளாகியிருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் போயிற்று. என்ன முகத்தோடு போவது?

எட்டு வருடம் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். புரொபசர் அப்போது காலமாகிவிட்டார். நான் சொந்தமாக அலுவலகம் வைத்திருந்தேன், இரண்டு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். அக்காவுக்கு முன்தலை முழுக்க நரைத்திருந்தது. நெற்றியைப் பார்த்தேன், கேட்க வேண்டியிருக்கவில்லை. மகள் எட்டாவது படிக்கிறாள் என்றார். குழாய் கேட்டுத் தெருவே சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறது. அதிகாரிகள் எங்கள் பழைய அறிக்கையை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே ஐந்தாம் எண் கிணற்றில் நல்ல தண்ணீர்தான் இருந்திருக்கிறது, அப்படியானால் பிறகு கெட்டது நீங்கள் வீட்டில் நூலுக்குச் சாயம் போட்டுக் கொட்டுவதால்தான் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அன்று வந்து, முதலில் எடுத்த தண்ணீரில் என்ன வந்தது என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டும். அவர் கேட்டது அதுதான்.

நான் வாய்க்கு வந்த காரணத்தை எல்லாம் சொன்னேன். முதல் முடிவின் தாள் என்னிடம் இல்லை, புரொபசரோடு போயிற்று. இரண்டாவது எடுத்தபோது தண்ணீர் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அறிக்கையில் பொய் என்று எதுவும் இல்லை. நானே எழுந்து என் அறிக்கையை மறுத்தால் நான் எழுதிய மற்றவற்றையும் தோண்டுவார்கள். பேசப் பேச எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலை மேடம்," என்றார். "நீங்க ஒரு பாட்டில்தான் எடுத்தீங்க. எங்க வீட்டுக்காரர் குடிச்ச தண்ணிய நல்ல தண்ணின்னு டைப் அடிச்சது நாந்தான். எந்திரிச்சுப் போயிருக்கணும், போகலை. அதை எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியல."

பார்க்கிறேன் அக்கா என்றேன். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பதாகச் சொல்லி, "வாரேன் மேடம்" என்று படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் வேறொரு ஆலைக்காகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி அவர்கள் அனுப்பியது.