அவர் கழுத்தில் என் சங்கிலி

யுத்தம் முடிந்த சமயம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊரில் எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கோடை. என் வீட்டுக்காரருக்கு இருபத்திரண்டு வயது. ஒருநாள் காய்ச்சலோடு எழுந்தார்; இரண்டு தாடையும் வீங்கி, முகம் பூசணிக்காயாக இருந்தது. பொன்னுக்கு வீங்கிதான். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம், கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது. என் சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டேன். முரட்டு மீசையும் பொம்பளைச் சங்கிலியுமாக அவர் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிக்க வைக்காத, தாடை வலிக்குது" என்றார்.

வீக்கம் வடியுமுன்பே காய்ச்சல் மறுபடி ஏறியது. உடம்பெங்கும் கொப்புளங்கள். மாமியார் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் வேப்பிலை செருகினார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மகன் மேலெல்லாம் பூசினார். ஆத்தா வந்த வீட்டில் வேறு நோயின் பேரை எடுக்கக் கூடாது என்று என் வாய்க்கும் பூட்டுப் போட்டார். பெரியம்மைதான் என்று தெருவே பேசியது. பெரியம்மை கண்டவரைப் பருத்திக்காட்டில் ஓலைக் குடிசை போட்டுக் கிடத்துவது ஊர் வழக்கம். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. ஓலை வெட்ட ஆள் போய்விட்டது. நானும் துணிகளை மூட்டை கட்டிவிட்டேன்.

அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் சங்கிலியைக் கழற்றி என் கையில் திணித்தார். எனக்கு வந்ததே கோபம்! "வீக்கம் வடியாம ஏன் கழட்டுறீக?" என்று கத்திக்கொண்டே திரும்ப மாட்டினேன்.

ஆத்தா வந்த வீட்டுக்கு டாக்டரைக் கூப்பிடுவது பெரிய குற்றம். இருந்தும் பார்க்க வந்திருந்த என் அண்ணனிடம் சொல்லி அருப்புக்கோட்டைக்கு வண்டி அனுப்பினேன். மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வீங்கிய முகத்தைப் பார்த்து டாக்டரும் முதலில் தயங்கினார். பிறகு கழுத்தைக் கவனித்தார்.

"ஏம்மா, ஆம்பளைக்கு எதுக்குச் சங்கிலி?"

மாமியார் முறைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கொப்புளம் வாரதுக்கு முந்தியே தாடை வீங்கிருச்சுங்கய்யா. பொன்னுக்கு வீங்கிக்குப் போட்டது."

டாக்டர் ஈரத்துணி கேட்டு வாங்கி முதுகு மஞ்சளைத் துடைத்தார். நீர் கோத்த கொப்புளம். அதன் பக்கத்திலேயே காய்ந்த பொருக்கு. அப்போதுதான் கிளம்பிய சிவப்புப் பொட்டு. உள்ளங்கையில் ஒன்றுமில்லை.

"பெரியம்மைன்னா எல்லாம் ஒண்ணுபோல முத்தும், உள்ளங்கையிலயும் வரும். இது சின்னம்மை. வீக்கம் வேற நோய். ரெண்டும் ஒரே நேரத்துல வந்து நம்மளப் பயங்காட்டிருச்சு. எங்கயும் கொண்டுபோக வேணாம், வீட்டுலயே இருக்கட்டும்."

"ரெண்டு ஆத்தாளுமா சேந்து வந்திருக்காக!" என்று மாமியார் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெட்டி வந்த ஓலையை வாசலில் நிழலுக்குப் பரத்தச் சொன்னார். அப்புறம் என் மூட்டையை அவிழ்த்தார்.

"ஏண்டி, இதுல ஒஞ்சேலை எதுக்குக் கெடக்கு?"

"அவுக மட்டும் தனியா எப்படி அத்தை அங்க கெடப்பாக?"

அந்தச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியார் அழுதார்.