பிரேக் வாத்தியார் போட்ட கொம்புச்சா

அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர் வைத்தது அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறுவதற்குள் வண்டி நின்றுவிடும். பழக்கதோஷம், வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட வலது கால் தரையை அழுத்தும்.

மனைவிக்கு ஒரு சலவைக் கடையில் இஸ்திரி வேலை. நாளெல்லாம் ஆவியில் வெந்து வருகிறவளுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும். கூட வேலை செய்த தோழி கொம்புச்சா என்ற புளித்த டீயைப் போடச் சொல்லிக்கொடுத்து, அதைப் புளிக்கவைக்கும் தாய் ஆடையையும் ஒரு டப்பாவில் தந்தாள். வெளுத்த தோல் போல் வழுவழுவென்றிருந்த அதை, சர்க்கரை போட்டு ஆறவைத்த பாலில்லா டீயில் மிதக்கவிட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாள்.

"என்ன கண்றாவி இது?" என்றார் வாத்தியார்.

"மாமியாருங்க. மேல ஏறி உக்காந்துக்கிட்டு, கீழ இருக்குற இனிப்பையெல்லாம் புளிக்க வைக்குது பாருங்க."

அவர் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அவள் தினம் ஒரு டம்ளர் குடிப்பாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பிறகு அவளுக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஏற்றிய மருந்தில் முடி உதிர்ந்தது, நாக்கு செத்தது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த இரும்பாக இருக்கிறது என்றாள். வாத்தியார் கட்டிலோரம் உட்கார்ந்து தரையை அழுத்திக்கொண்டிருந்தார். எதுவும் நிற்கவில்லை.

"என் ஜாடித் தண்ணி ஒரு வாய் குடிச்சா நல்லாருக்கும்ங்க."

அவள் கேட்ட ஒரே பொருள். அவர் வீட்டுக்கு ஓடினார். ஜாடி கவனிப்பாரில்லாமல் வற்றிக் கிடந்தது. டீ போட்டார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை, சூட்டோடு ஊற்றிவிட்டார். ஒரு வாரத்தில் ஆடைமேல் பச்சைப் பூசணம் பூத்தது. அதைக் கொட்டிவிட்டுச் சலவைக் கடைத் தோழியின் வாசலில் போய் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல் காலி டப்பாவை நீட்டினார். அவளே புது ஆடையோடு வந்து பக்கத்தில் நின்று போட வைத்தாள்.

இந்த முறை புளித்தது. துணியை அவிழ்த்ததும் புளிப்பு வாசம் குப்பென்று அடித்தது. பிளாஸ்கில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். "என்ன சார் அது?"

சொன்னார்.

"ஐயோ, வேண்டாம் சார். அதுல உயிருள்ள கிருமி இருக்கு. நமக்கு ஒண்ணும் பண்ணாது. அவங்க உடம்புல இப்ப எதிர்ப்பு சக்தியே இல்ல."

"கொதிக்க வச்சுக் குடுக்கலாமா?"

"டாக்டர் சொல்லாம எதுவுமே வேண்டாம் சார்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். உள்ளே மனைவி தலையணையில் சாய்ந்து, எழுந்து உட்காரப் பார்த்தாள். "கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா, சரியா வரல," என்றார். பிளாஸ்க் வெளியே நர்ஸின் மேஜையில் இருந்தது.

மாதங்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகி அல்ல, அடுத்த சுற்று மருந்துவரை இளைப்பாற. கொம்புச்சாவுக்கு இன்னும் தடைதான். ஜாடியில் ஆடைக்கு மேல் ஆடையாக வளர்ந்திருந்தது. ஏன் என்று தெரியாமலே அவர் டீ மாற்றிக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் சரியா வரலைன்னீங்களா?" என்றாள் அவள். அவர் ஜாடித் துணியை இழுத்துக் கட்டினார். "சரி, ஒரு டம்ளர் ஊத்தி நீங்க குடிங்க. நான் பாக்குறேன்."

குடித்தார். கண்ணில் நீர் வந்தது.

"எப்படி இருக்கு?"

"புளிப்பா இருக்கு."

"அது தெரியாதா எனக்கு? எப்படிப்பட்ட புளிப்பு?"

அவர் யோசித்தார். "முதல் கியர்ல போயிட்டிருக்கும்போது திடீர்னு மூணுக்கு மாத்துன மாதிரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது. டம்ளரைக் கீழே வைப்பதா, அவள் முதுகைத் தடவுவதா என்று தெரியாமல் அவர் நின்றார்.

"இன்னொரு வாய் குடிங்க," என்றாள், மூச்சு வந்ததும்.