காரணம் என்ற கட்டம்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்குப் பெயர் ‘எதுக்கு அக்கா’. ஆன்டிபயாடிக் சீட்டு வந்தால் போதும், போனை எடுத்துவிடுவாள். “எதுக்கு டாக்டர் இது? மூணு நாள் ஆச்சே, இன்னும் வேணுமா?” அவள் குரல் கேட்டால் பெரிய சர்ஜனே போனை ஜூனியரிடம் தள்ளிவிடுவார். கண்டபடி கொடுத்தால் கிருமிக்குப் பழகிப்போய், நிஜமாகத் தேவைப்படுகிறவருக்கு மருந்து வேலை செய்யாதே என்பது அவள் கவலை. அதனால் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கான ஊசி மருந்தைத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். நோட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். உயிருக்குப் போராடும் கேஸுக்கு மட்டும் மருந்து முதலில், கையெழுத்து பிறகு. சட்டம் அவள் போட்டதுதான்.

அந்தச் சட்டம் ஒருநாள் அவள் வீட்டுக்காரரிடமே வந்து நின்றது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். பிரஷர் சரி, தையல் சுத்தம், பேச்சில் வழக்கமான நக்கல்கூடக் குறையவில்லை. ஆனாலும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்டு டாக்டரை நச்சரித்து அந்த ஊசிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, நோட்டும் கையுமாக லேபுக்கு ஓடினாள்.

கண்ணாடிக்காரர் சீட்டைப் பார்த்தார். “எதுக்கு அக்கா?”

“என்ன கேள்வி இது? படுத்திருக்கிறது என் புருஷன்!”

“அது யாருக்குன்னு கேட்டா சொல்ற பதில். நான் எதுக்குன்னு கேட்டேன்.”

கோபத்தில் பேனாவைப் பிடுங்கினாள். இருபது வருஷம் டாக்டர்களைப் படுத்தி எடுத்தவளுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் உள்ளதை எழுதினாள்: ‘பயம்’.

அவர் சிரிக்கவில்லை. “வாங்க, முதல்ல மாமாவப் பாத்துட்டு வருவோம்.”

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப் போர்வையை விலக்கியபோதுதான் தெரிந்தது. டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்த இடம் சிவந்து வீங்கிக் கிடந்தது. காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்று டாக்டர் வந்து அந்த டிரிப்ஸ் ஊசியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. பிறகு வந்த லேப் ரிப்போர்ட்டிலும் ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை.

“என்ன மருந்துடி போட்டீங்க? ஒரே நாள்ல எந்திரிச்சிட்டேன்!” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணும் போடல” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம், வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு கிடந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக அலமாரி திறந்தது. கண்ணாடிக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். நோட்டில் அதற்கு மேல் வரியில் அவள் அன்று எழுதிய ‘பயம்’. பக்கத்தில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அவர் அன்று போடாத அந்தக் கையெழுத்துக்கு, ஆயுசு பூராவும் நன்றி சொன்னாலும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது.