போன வருஷத்துக் கமெண்ட்

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியபோது ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. பட்டுக் கடை யூனிஃபார்ம் சேலை கட்டியிருந்தாள். போனைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

“அக்கா, போன வருஷம் நான் போட்ட கமெண்ட் எங்க இருக்கும்?”

‘உங்கள் செயல்பாடு’ பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பழைய லைக்குகளுக்கு நடுவே கிடைத்தது. ஊர்த் திருவிழா வீடியோவின் கீழே எழுதியிருந்தாள்: “சாமி எங்க தெருவுக்கு மட்டும் வராம ஏன் முனையிலயே திரும்பிடுது?”

“அழிச்சிடுன்னு ஊரே சொல்லிக்கினு இருக்குதுக்கா.”

நீக்கும் இடத்தைக் காட்டினேன். முறைத்தாள்.

“அழிக்கவா தேடினேன்?”

அதை அப்படியே காப்பி எடுத்து, இந்த வருஷத் திருவிழா வீடியோவின் கீழே போட்டாள்.

“புதுசா எழுதலாமேம்மா?”

“எதுக்குக்கா? சாமி இன்னும் அதே முனையிலதான திரும்புது?”

தன் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள். அந்த வீடியோவை நான் இன்னும் திறந்து பார்க்கிறேன். அவள் கேள்வியைச் சுற்றிலும் கும்பிடும் கை எமோஜிகளாகவே போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பக்தி. பதில் எழுதத்தான் ஒரு கையும் இல்லை.