மச்சான் பூட்டிய பிஸ்டன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அது இன்னும் ஒரு முழம் நீளும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அதுவும் கூட்டிச் சொல்லுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு ஒரு வள்ளமும், அதன் பின்புறத்தில் கொழுவுகிற ஒரு பழைய எஞ்சினும் இருந்தன. எங்களுக்கு என்றால் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும். வள்ளத்தில் பாதி, வலையில் பாதி, எஞ்சினில் பாதி. என்னைவிட எட்டு வயது இளையவன். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். கடலில் அவனைப் போல ஒரு கூட்டாளி எனக்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவனை ஒரு எஞ்சினால் தொலைக்கப் பார்த்தேன்.

எஞ்சின் எங்கள் கைக்கு வரும்போதே இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. சின்ன எஞ்சின்தான். பெற்றோல் தாங்கி அதன் தலையிலேயே இருக்கும். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஐந்தாவது இழுவையில் இருமிக்கொண்டு எழும்பும். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் கடல்தண்ணீரைக் குடித்து, பிஸ்டன் இறுகி, கயிற்றை இழுக்கவே முடியாமல் போய்விட்டது.

மச்சான் கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துகிற இடமொன்றில் இரண்டு வருடம் வேலை செய்தவன். "நான் கழட்டிப் பூட்டுறன் அத்தான்" என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து புதுப் பிஸ்டன், ரிங், காபரேற்றர் எல்லாம் லொறியில் வந்து சேர்ந்தன. பூவரசு நிழலில் தமக்கையின் பழைய வெள்ளைச் சேலை ஒன்றை விரித்து, கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே அதில் அடுக்கினான். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் கோழிகூட அந்தப் பக்கம் போகக்கூடாது. என்னையும் அவன் கோழிக் கணக்கில்தான் வைத்திருந்தான்.

எனக்குக் கிடைத்தது வெளிவேலை. துருவைச் சுரண்டுவது, நீலப் பெயின்ற் அடிப்பது. தாங்கியின் மூடியைச் சுரண்டும்போது அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்றைக் கண்டேன். முன்பு அதில் ஏதோ சின்ன ஆணி இருந்து விழுந்திருக்கவேண்டும். இதனால்தான் கடல்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கத்தில் பெற்றோல் தகரம் ஒழுகினால் பார்ச் சவர்க்காரத்தில் ஒரு துண்டைப் பிசைந்து அடைப்பது வழக்கம். பெற்றோல் அதைக் கரைக்காது. நானும் அப்படியே அடைத்து, மேலே பெயின்ற் அடித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அதை ஒரு வேலையாக நான் நினைக்கவே இல்லை.

நாலாம் நாள் தார்ப்பரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதன் விளிம்பில் கொழுவி, மச்சான் கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுவையில் எழும்பியது! மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புனலால் பெற்றோலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அரைமணி நேரம் ஓடவிட்டான். பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். மச்சானின் முகத்தை அன்று பார்த்திருக்கவேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் உடனே சம்மதம் கிடைத்தவன் மாதிரி இருந்தான்.

அடுத்த நாள் கடலில் இறக்கினோம். பத்து நிமிடம் பாட்டுப் போல ஓடியது. பிறகு இருமியது. நின்றுவிட்டது.

மச்சான் மூடியைத் திறந்து ஓர் ஈர்க்கை விட்டுப் பார்த்தான். பெற்றோல் முக்கால்வாசி இருந்தது. மூடியைப் பூட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கயிற்றை இழுத்தான். எழும்பியது. "பிளக்தான்" என்றான். பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி ஈர்க்கு, இந்த முறை காபரேற்றரில் ஒரு ஆணியைக் கால் சுற்றுத் திருப்பினான். எழும்பியது. "காபரேற்றர்தான்" என்றான். மூன்றாவது முறை, அவன் ஈர்க்கை விட்டுப் பார்த்து மூடியைப் பூட்டியதும், நான் எஞ்சினின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அதற்கும் எழும்பியது. எதைச் செய்தாலும் குணமாகி, பத்து நிமிடத்தில் பழையபடி படுத்துக்கொள்ளும் ஒரு நோயாளியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

கரையில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ரிங் தலைகீழாகப் பூட்டுப்பட்டிருக்கிறது என்றார் ஒருவர். செவ்வாய்க்கிழமை தொட்ட வேலை உருப்படாது என்றார் இன்னொருவர். "பாய்க்குப் பிளக் துடைக்கத் தேவையில்லை, கண்டியோ" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு பாய்வள்ளக்காரர். மச்சான் ஒவ்வொரு நாளும் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டினான். தார்ப்பரலில் ஒவ்வொரு நாளும் அது தங்கமாக ஓடியது. கடலில் ஒவ்வொரு நாளும் நின்றது.

கடலில் இறக்கிய நாலாம் நாள், நின்றுபோன எஞ்சினோடு தண்டு வலித்து வலித்துத் தோள் கழன்ற நிலையில் கரைக்கு வந்தோம். அங்கே நின்ற பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் என் வாய் திறந்தது.

"உழவு மெசின் பூட்டினவனைக் கடல் எஞ்சினிலை கை வைக்க விட்டது என்ரை பிழை. பிஸ்டனைப் பூட்டினியோ, இல்லாட்டி அம்மிக்குழவியைப் பூட்டினியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. ஆனால் வள்ளம் ஒன்று, வலை ஒன்று. தொழிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அவன் எஞ்சினைப் பார்த்து, "முன்னுக்கு இருக்கிறவரிட்டைச் சொல்லு, நங்கூரத்தைத் தூக்கட்டாம்" என்பான். நான் வலையைப் பார்த்து, "தூக்கியாச்சு எண்டு சொல்லு" என்பேன். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சோறு போட்ட என் மனைவிக்கு இரண்டாம் நாளே பொறுமை போய்விட்டது. "நான் என்ன தபால்கந்தோரோ?" என்று அகப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆறு நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் மாலை நாங்கள் வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தபிறகு, மனைவி என்னிடம் வந்தாள்.

"தம்பி நாளைக்குக் காலமை பஸ்ஸிலை வெளிக்கிடுறான். மாங்குளத்திலை ரயில் பிடிச்சு வவுனியாவுக்குப் போறானாம். அம்மானின்ரை அரிசி ஆலையிலை மூட்டை எண்ணுற வேலையாம்."

"கோபக்காரன் போகட்டும்."

"அவன் கோபத்திலை போகேல்லை. 'எனக்கு எஞ்சின் வேலை சரிவராது அக்கா, நான்தான் எங்கையோ பிழையாய்ப் பூட்டிப்போட்டன்' எண்டு சொல்லுறான். இஞ்சருங்கோ, ஒரு சொல்லுச் சொல்லி மறியுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. தேவையில்லாத நேரமெல்லாம் திறக்கிற வாய், தேவையான நேரத்தில் பூட்டிக்கொண்டது. அவன் போய்விட்டால் வள்ளத்தில் எனக்குக் கை ஒடிந்தது போல என்று தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

விடியற்காலையில் அவன் றங்குப்பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பார்க்காதவன் மாதிரிக் கடலுக்குப் போனேன். விட்ட வலையை எடுக்கவேண்டுமே. தனியாக எஞ்சினை எழுப்பி ஓடினேன். பத்து நிமிடம். இருமல். நின்றது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வள்ளத்தில் திட்டுவதற்கு ஆள் இல்லை. பங்குனிக் கடல், ஒரு அலை இல்லை, ஒரு சத்தம் இல்லை. பெற்றோல் பார்க்க மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. கொஞ்சம் இளகியதும், யாரோ சுடுதேத்தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம்.

மூடியைப் பூட்டி எஞ்சினை எழுப்பினேன். வேறு எதையும் தொடவில்லை. பத்து நிமிடத்தில் நின்றது. மூடியை இளக்கினேன். 'ஸ்ஸ்.' இத்தனை நாளும் ஒவ்வொரு முறையும் இந்தச் சத்தம் கேட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். என் நீலப் பெயின்றை நகத்தால் சுரண்டினேன். உள்ளே என் சவர்க்காரம். பெற்றோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். காற்று வருகிற ஒரே வழியை நான் அடைத்து வைத்திருந்தேன். பெற்றோல் பார்க்க மூடியைத் திறந்ததுதான் ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் குணமாக்கியது. நாங்கள் பிளக்குக்கும் ஆணிக்கும் என் அறைக்கும் அந்தப் புகழைக் கொடுத்திருந்தோம். தார்ப்பரலில் ஓடவிட்டபோதெல்லாம் மூடி மச்சானின் சட்டைப் பையில் இருந்தது. பிறகு இதை என் மனைவியிடம் விளங்கப்படுத்தியபோது, "ரின்பால் பேணிக்கு ரெண்டு ஓட்டை போட்டால்தான் பால் வரும் எண்டு எனக்குத் தெரியும். என்னட்டை ஆர் கேட்டது?" என்றாள்.

ஈர்க்கால் ஓட்டையைக் குத்தித் திறந்து, எஞ்சினை எழுப்பி, வலை கிடந்த இடம்வரை ஓடினேன். நிற்கவில்லை. எனக்குத்தான் கைகால் ஓடாமல் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை, எஞ்சின் தானாகச் சரிவந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; வெட்கப்பட்டவனுக்கு அதிலும் மட்டு. ஆனால் வவுனியாவில் நெல்மூட்டைகளுக்கு நடுவில் அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்தது. வலையை எடுக்கவில்லை. மீன் கிடந்தால் கிடக்கட்டும் என்று வள்ளத்தைத் திருப்பினேன்.

கரையில் நின்றவர்களிடம் வள்ளத்தை விட்டுவிட்டு, இடுப்பில் நனைந்த சாரத்தோடு, மூடியைக் கையில் பிடித்தபடி ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மச்சான் ஜன்னலோரம் மடியில் பெட்டியோடு இருந்தான்.

"மச்சான், இறங்கு. பிழை என்ரை."

அவன் மற்றப் பக்கம் பார்த்தான். பஸ் வெளிக்கிட்டது. பாய்ந்து மிதிபலகையில் ஏறினேன். கொண்டக்டர் ரிக்கற் கேட்டார். கடலால் வந்தவனிடம் காசு ஏது? மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே, "அவருக்குத் தண்ணீரூற்றுக்கு ஒண்டு" என்று எடுத்தான். தண்ணீரூற்று வழியில் வருகிற அடுத்த ஊர்; அதற்குள் சொல்லி முடி, பிறகு இறங்கு என்று அர்த்தம்.

மூடியை நீட்டினேன். "இந்த ஓட்டையை நான்தான் சவுக்காரம் வைச்சு அடைச்சனான். காத்துப் போகாமல்தான் எஞ்சின் நிண்டது."

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "ஏன் தம்பி அடைச்சனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். பின் ஆசனத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம். இன்னும் பலமாகச் சொன்னேன். ஊரைக் கூட்டித் திட்டினவன், ஊர் கேட்கத்தான் பிழையையும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒரு பஸ் சனமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மச்சான் மூடியை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அந்த ஓட்டையால் பார்த்தான்.

"அப்ப பிஸ்டன்?"

"பிஸ்டன் சரி."

"ரிங்?"

"ரிங்கும் சரி. காபரேற்றரும் சரி. நீ தொட்டதெல்லாம் சரி."

அவன் எழும்பி நின்றான். "நாலு தரம் கழட்டினனான் அத்தான்! நாலு தரம்! விரலிலை தோல் இல்லை, பாருங்கோ!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பஸ் முழுவதும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டியது. எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. ஆறு நாளைக்குப் பிறகு அவன் வாயால் 'அத்தான்' என்று கேட்டிருக்கிறேன், திட்டினால் என்ன!

தண்ணீரூற்றில் நான் இறங்கினேன். ஜன்னலால் முதலில் றங்குப்பெட்டி என் கைக்கு வந்தது. பிறகு அவன் இறங்கினான். சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி நடந்தோம். பெட்டி என் தலையில். ஐந்தாறு மைல், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திட்டுவதில் அவன் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வழி நீளத்துக்கும் எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகிறது, பெற்றோல் எப்படி இறங்குகிறது என்று பாடம் நடத்தினான். நான் ஓம், ஓம் என்று வந்தேன்.

பாதி வழியில் அவன் குரல் இறங்கியது.

"ஆறு நாளும் நித்திரை இல்லை அத்தான். கண்ணை மூடினால் பிஸ்டனைப் பூட்டிக்கொண்டிருப்பன். முதல் ஆணியிலை இருந்து கடைசி ஆணி மட்டும் பூட்டிப் பாப்பன். பிழை வராது. திரும்பவும் முதல் ஆணியிலை இருந்து துவங்குவன்."

ஆறு நாளாக அவன் என்மேல் கோபத்தோடு இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்னைப் பற்றி நினைக்கவே நேரம் இருக்கவில்லை. பெட்டியை வீதியோரத்தில் இறக்கி வைத்தேன்.

"பிஸ்டன் சரி மச்சான்" என்றேன், அவன் கேட்காமலே.

அவன் என்னைப் பார்த்தான். "ஓம்" என்றான். பிறகு குனிந்து பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கமாக எனக்கு முன்னால் நடந்தான்.