ஒத்தக்கால் பாறைக்கு வச்ச முட்டு

எங்க ஊருக்கு மேற்கே கரட்டு உச்சியில ஒரு பாறை நிக்குது. வீடு அளவுக்குப் பெரிசு. ஆனா தரையில பட்டிருக்கிறது ஒரு ஆட்டுரல் அளவுக்குத்தான், மத்ததெல்லாம் அந்தரத்துல. ஒத்தக்கால் பாறைன்னு பேரு. செட்டியார்பட்டி ரோட்டுல பஸ்ல போறவங்க ஜன்னல்ல குனிஞ்சு பார்ப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ராஜபாளையத்துல இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தும் பைக்ல வந்து, பாறையை ஒத்தைக் கையில தாங்குற மாதிரி போட்டோ எடுக்காங்க. எடுக்கட்டும், எனக்கென்ன.

எங்களுக்கு அது வேற. பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போற ஆம்பள, ஊரை விட்டுக் கிளம்புற அன்னைக்குக் கரட்டுல ஏறி, பாறைக்கு அடியில ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துட்டுப் போவான். அம்புட்டுப் பெரிய பாறைக்கு விரல் தண்டிக் குச்சி! அவன் பாறையைத் தாங்குனா பாறை அவனைத் தாங்குமாம். லீவுல வந்ததும் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி அதை அவனே உருவிடணும். திரும்பி வராதவன் குச்சியை, பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள அவன் பொஞ்சாதி உருவணும்.

என் வீட்டுக்காரவுக பட்டாளத்துல இருந்தாக. கடைசி லீவு முடிஞ்சு கிளம்புன அன்னைக்கு ஒரே பரபரப்பு. வேப்பங்குச்சியால பல்லு விளக்கிக்கிட்டே வந்து பைக்கை எடுத்தாக. "வாயைக் கொப்புளிச்சிட்டு வந்தா ரயிலு ஓடியா போயிரும்?"னு கத்துனேன். வாயில குச்சி. "உம்"னு மட்டும் சொன்னாக.

கரட்டு அடியில பைக்குப் பக்கத்துல நான் நின்னேன். அவிய மேல ஏறிப் போயி செத்த நேரத்துல இறங்கி வந்தாக. வாயில இருந்த குச்சியைக் காணோம்.

"அட பாவி மனுசா, எச்சிக் குச்சியையா வச்சீங்க?"

"வேற குச்சி வெட்ட மறந்துட்டேன். என் பல்லு பட்டிருக்குல்ல, பாறைக்கு என்னை நல்லா அடையாளம் தெரியும்"னு சிரிச்சாக.

ரெண்டு மாசம்கூட ஆகல. காலையில ஓட்டத்துக்குப் போனவிய கீழ விழுந்தாக. அம்புட்டுதான். போன் வந்தப்ப கிரைண்டர்ல மாவு ஓடிக்கிட்டிருந்துச்சு. மாவை வழிச்சு வச்சு, உப்புப் போட்டுக் கலக்கி, மூடி வச்சுட்டுத்தான் உக்காந்தேன். அதை ஏன் செஞ்சேன்னு இன்னைக்கும் தெரியல.

பெட்டி மதுரை வரைக்கும் விமானத்துல வந்துச்சு. அங்க இருந்து ஆம்புலன்ஸ்ல நானும் கூட வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல டிரைவர் டீ குடிக்க நிப்பாட்டுனாரு. எதிர்த்தாப்புல, அவிய லீவுல வரும்போதெல்லாம் இறங்கி நிக்குற பால்கோவாக் கடை. இன்னைக்கு வாங்கலையேன்னு நினைச்சேன். அழுகை வரல. வீட்டுல எல்லாரும் என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க, அப்பவும் வரல. சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. ரசமும் பச்சத் தண்ணியும் நாக்குக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. "மரமாட்டம் உக்காந்திருக்காளே"ன்னு ஒருத்தி சொன்னது காதுல விழுந்துச்சு. ஆமா, மரந்தான். இப்ப என்ன?

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமியார் என் கையைப் பிடிச்சாக. "ஏட்டி, போயி அந்தக் குச்சியை உருவிட்டு வந்துரு தாயி. இல்லேன்னா எம்பிள்ளை செத்தும் பாறையைச் சுமந்துக்கிட்டே நிப்பான்." அது எச்சிக் குச்சின்னு அவியளுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

நாத்தனாரைக் கூட்டிக்கிட்டு ஏறினேன். குனிஞ்சு பார்த்தா அடியில குச்சிக் காடா இருக்கு. ஊரு ஆம்பளைங்க வச்சது, போட்டோ எடுக்க வந்ததுங்க விளையாட்டுக்குச் சொருகுனது, எல்லாம் வெயில்ல காஞ்சு ஒரே நிறம். நாத்தனாருக்கு இருட்டுறதுக்குள்ள இறங்கணும்.

"மதினி, ஏதாவது ஒண்ணை உருவுங்க. அம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "அது எவ புருசன் வச்சதோ! அவன் எந்தப் பனியில நிக்கானோ! எவளோ ஒருத்தி தாலியில என்னைக் கை வைக்கச் சொல்றியா?"ன்னு கத்துனேன்.

குப்புறப் படுத்து, பாறைக்கு அடியில தலையை விட்டேன். போன் லைட்டை அடிச்சு ஒவ்வொரு குச்சியாப் பார்த்தேன். பாறை விழுந்தா விழட்டும்னுதான் இருந்துச்சு. எல்லாம் அரிவாள் பட்ட நுனி, கையால ஒடிச்ச நுனி. நல்லா உள்ள தள்ளி ஒண்ணு, நுனியில பல்லுல மென்ன நாரு தும்பு தும்பா நின்னுச்சு. அந்தத் தும்பைக்கூடப் பாறை நசுக்கல.

கையை எட்டி விட்டு மெதுவா உருவினேன். பாறை அசையல. இனிமே சுமக்க வேண்டாம், இறக்கி வைங்கன்னு சொல்லணும்னு நினைச்சேன். என்ன தோணுச்சோ, படுத்தபடியே அந்த நுனியை வாயில வச்சுக் கடிச்சேன்.

கசந்துச்சு. அம்புட்டுக் காஞ்சும் அப்படிக் கசந்துச்சு. அவிய போன பொறவு என் நாக்குக்குத் தெரிஞ்ச மொத ருசி அதுதான். கண்ணுல இருந்து தானா கொட்ட ஆரம்பிச்சிருச்சு.

"கெடைச்சிருச்சா மதினி?"ன்னு வெளிய இருந்து நாத்தனார் கேட்டா.

வாயில குச்சி. "உம்"னு மட்டும் சொன்னேன்.