புது வண்டிக்குச் சேறு

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ஊரில் புது வண்டிக்குச் சேறு பூசுகிறார்கள். போடியில் இதை வாசிக்கிறவர்கள் நான் கதை விடுவதாக நினைப்பார்கள். யார்க்‌ஷைர் பக்கத்துச் சிற்றூர் இது. மழையில் நனைந்த செருப்பை வாசலோடு கழற்றிவிடுவார்கள். நாய்க்குக்கூடக் கால் துடைத்துத்தான் உள்ளே விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் சனிக்கிழமை மதியம் தலை நரைத்த ஆண்கள் தேவாலயக் கூடத்தில் கூடி, பெரிய மேசையில் உள்ளங்கை நீள டாங்கிகளை நிறுத்தி, பகடை உருட்டி யுத்தம் நடத்துகிறார்கள். இவர்கள் அப்பாமார் யாரை எதிர்த்துச் சண்டை போட்டார்களோ அதே ஜெர்மானியரின் டாங்கிகள்தான், பிளாஸ்டிக்கில். பாகம் பாகமாக ஒட்டி, மூன்று வர்ணம் தீட்டி, கடைசியில் அதன்மேல் சேற்றை அப்புகிறார்கள்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் டெரிக். என் மனைவி செல்வராணிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் நானும் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். போடியில் ஜீப் ஓட்டியவனுக்கு இங்கே டிப்போவில் பஸ் கழுவும் வேலை. சண்முகவேல் என்ற பெயரை எல்லாரும் 'சாம்' என்று சுருக்கிக்கொண்டார்கள். மெக்கானிக் டெரிக் மட்டும் ஒரு வாரம் வாய் வலிக்கப் பழகி முழுப்பெயரைப் பிடித்தார், என்னை வீட்டுக்கும் கூப்பிட்டார். ஒரு நாள் பஸ்ஸின் எஞ்சின் மூடியில் விரல்கள் நசுங்கி அவர் கையில் பெரிய கட்டு. பக்கத்து ஊர்க் குழுவோடு போட்டி வருகிறது, ஒன்பது டாங்கிக்கு வர்ணம் தீட்ட வேண்டும், தீட்டாததை மேசையில் ஏற்ற மாட்டார்கள். பஸ்ஸின் எண்பலகையை நான் தூரிகையால் பிசிறில்லாமல் திருத்தியதைப் பார்த்திருந்தவர், முடியுமா என்று கேட்டார். உடனே சரி என்றேன். இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரு சிநேகிதம்தான். அதை இழக்க எனக்கு மனசில்லை.

வண்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் போடியில் என் கூட்டாளி பெருமாளிடம் படித்தேன். நானும் அவனும் கூட்டாக ஒரு ஜீப் வைத்திருந்தோம். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவோம். சாயங்காலம் ஆட்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் இறக்குவோம். மழை மாதங்களில் வண்டியின் நிறமே தெரியாது. இறங்கியதும் முதல் சோலி, கொட்டகுடி ஆற்றில் விட்டுத் தேய்ப்பது. எனக்கு உடம்பு அலுப்பாக இருந்தாலும் பெருமாள் விட மாட்டான். "அழுக்கு வண்டியில லட்சுமி ஏற மாட்டா மாப்ளே, வெரசா தேயி" என்பான். ஆயுத பூசையன்று சந்தனம், குங்குமம், மாலை, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு எலுமிச்சை. அன்றைக்கு எங்கள் ஜீப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அந்தக் கைதான் டாங்கிக்கும் வேலை செய்தது. மணல் மஞ்சள் அடித்து, அதன்மேல் பச்சையும் காவியும் திட்டுத்திட்டாக வைத்தேன். பச்சை, உலர்கூடத்திலிருந்து அப்போதுதான் அள்ளிய முதல் தர ஏலக்காய்ப் பச்சை. கடைசியாக மினுமினுக்க வார்னிஷ். குங்குமம் அதில் ஒட்டவில்லை. முதல் டாங்கியின் நெற்றியில் சிவப்பு வர்ணத்தாலேயே பொட்டு வைத்தேன். எலுமிச்சை டாங்கியைவிடப் பருமனாக இருந்ததால், ஊரிலிருந்து வந்த ஏலக்காயில் இரண்டை எடுத்துச் சக்கரச் சங்கிலியின் கீழ் வைத்து உருட்டினேன். டாங்கி ஏறி இறங்கியது, காய் நசுங்கவில்லை. பூசைக்குக் குறை வரக்கூடாதென்று கட்டைவிரலால் நானே நசுக்கிவிட்டேன். செல்வராணி அதைப் பொறுக்கித் தேநீரில் போட்டாள்.

அந்தத் தேநீரைக் குடிக்க வந்த டெரிக் டாங்கிகளை வெகுநேரம் பார்த்தார். "ரொம்பச் சுத்தமாக இருக்கிறது" என்றார். நன்றி சொன்னேன். "உண்மையிலேயே சுத்தம்" என்றார் மறுபடியும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றினேன். அவர் போனதும் செல்வராணி, "அவரு பாராட்டல. சோறு பிடிக்காத நோயாளிக, நல்லாச் சூடா இருக்குன்னு எங்ககிட்ட இப்படித்தான் பேசுவாக" என்றாள்.

மறுநாள் டிப்போவில் நேராகவே கேட்டுவிட்டேன். டெரிக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: போர்க்களத்தில் ஓடும் வண்டியில் சேறு வேண்டும், தோற்றத்துக்கென்று தனி மதிப்பெண் உண்டு, இப்படிப் பளபளவென்று கொண்டுபோனால் சிரிப்பார்கள். போட்டிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பொட்டு வைத்த புது வண்டிக்குச் சேறு பூசுவதா, என்னால் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை, கட்டுப்போட்ட கையால் தானே பூசிக்கொள்வதாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ள ஒரு சிநேகிதத்தையும் தொலைத்துவிட்டோம் என்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

செல்வராணி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். அவள் ஊரான தேவாரத்தில் அவளைப் பெண் பார்க்கப் போன நாளை நினைவுபடுத்தினாள். அன்று மெட்டில் மண் சரிந்து, ஜீப்பைத் தள்ளித் தள்ளி இறக்கி, கழுவ நேரமில்லாமல் அப்படியே போய் நின்றேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

"சேத்து வண்டியிலதான பொண்ணு பாக்க வந்தீக. நான் வேணாம்னா சொன்னேன்?" என்றாள். "பாடுபடுற ஆளுன்னு அந்தச் சேத்தப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்."

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. பசையில் சுண்ணப்பொடியும் காவிப்பொடியும் குழைத்தேன். சேறு எங்கே அப்பும், எங்கே தெறிக்கும், எங்கே காய்ந்து வெளுக்கும் என்று பல வருடம் அதைத் தேய்த்துக் கழுவியவனுக்குத் தெரியாதா? சக்கரத்தின் பின்பக்கம் கனமாக, முன்பக்கம் பொட்டுப் பொட்டாக, ஆள் கால் வைத்து ஏறும் இடத்தில் வழுக்கிய தடமாக வைத்தேன். கை பிடித்துப் பிடித்துத் தேயும் விளிம்பில் மட்டும் பளபளப்பை விட்டுவைத்தேன். நெற்றிப் பொட்டை அழிக்க மனம் வரவில்லை. அதன்மேலும் சேற்றைப் பூசி மறைத்தேன்.

போட்டியன்று நடுவர் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். எந்தப் போர்முனைப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது என்று கேட்டார். போடிமெட்டு என்றேன். மரியாதையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இத்தாலியில் தேடியிருப்பாரோ, ரஷ்யாவில் தேடியிருப்பாரோ தெரியவில்லை. தோற்றத்தில் எங்களுக்குத்தான் முதலிடம். யுத்தத்தில் பகடை கவிழ்த்துவிட்டது, ஒன்பது டாங்கியும் தேநீர் வேளைக்குள் காலி. டெரிக் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நல்ல கையால் என் தோளைத் தட்டி, எல்லாரிடமும் "சண்முகவேல் செய்தது" என்று முழுப்பெயரோடு சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது, பெருமாள் கதையைக் கேட்டிருந்த டெரிக், உன் கூட்டாளிக்குக் காட்டிவிட்டுக் கொண்டுவா என்று முதல் டாங்கியை என் கையில் கொடுத்தார். மதுரைக்கு எங்களைக் கூப்பிட வந்த பெருமாளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பல் துலக்கும் பிரஷும் சோப்பும் போட்டு என் சேறு முழுவதையும் தேய்த்து எடுத்திருந்தான். அடியிலிருந்து பொட்டு வெளியே வந்திருந்தது. "பொட்டு வச்ச வண்டியில எவன்டா சேத்த அப்புனது?" என்றான். நான் பிரஷை வாங்கி அலசப் போய்விட்டேன்.

இப்போது எட்டு டாங்கிகள் நான் பூசிய சேற்றோடு டெரிக் வீட்டு அலமாரியில் நிற்கின்றன. பொட்டு வைத்த அந்த ஒன்று, பெருமாளின் ஜீப் முகப்பில் அமர்ந்து தினமும் போடிமெட்டு ஏறி இறங்குகிறது. மழைக்கு நிஜச் சேறே தெறிக்கிறதாம். சாயங்காலம் ஆற்றில் அதையும் சேர்த்துக் கழுவுவதாக எழுதுகிறான். மிச்ச எட்டையும் எப்போது ஊருக்குக் கொண்டுவருகிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறான். இங்கே டெரிக், அந்த ஒன்று எப்போது வீடு திரும்பும் என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் 'சீக்கிரம்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.